திறந்தால் பச்சை

காசநோய் மாத்திரைப் பெட்டியை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, அது தினமும் திறக்கிறதா என்று ஆறு மாதம் பயந்துகொண்டிருப்பதுதான் என் தொழில்.

பெட்டி என்றால் டிபன் பாக்ஸ் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே மாத்திரை அட்டைகள், மூடியில் ஒரு சிம். காலை ஏழு மணிக்கு அது கத்தும். மூடியைத் திறந்தால் கத்தல் நிற்கும். என் போனில் அந்த நோயாளியின் பெயருக்கு நேரே அன்றைய கட்டம் பச்சையாகும். மதியம் வரை திறக்கவில்லை என்றால் சிவப்பாகும். முன்பு நோயாளிகள் தினமும் சுகாதார நிலையத்துக்கு வந்து நர்ஸின் கண்ணெதிரே மாத்திரை விழுங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களால் அது முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டார்கள். அதற்காக ஒரு தொண்டு நிறுவனம் கொண்டுவந்த புது ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். அதை வீடு வீடாகக் கொண்டுபோகிற ஆள்தான் கொஞ்சம் பயந்த சுபாவம்.

தோளில் எடைத் தராசும் கையில் படிவமுமாக மாடிப்படி ஏறி இறங்குகிற சக தோழர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லிவிடப் போவதில்லை. கதவைத் தட்டும் முன், உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று ஒரு வேண்டுதல் வருமே, அது எனக்கும் வரும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

சங்கு

என் முதல் பெட்டி திருவொற்றியூரில் ஒரு புதுப் பெண்ணுக்குப் போனது. கல்யாணமாகி நாலு மாதம். நோய் இருப்பது புருஷனுக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. "உங்க விஷயம் வெளிய போகாது, நான் பொறுப்பு" என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவள் பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அரிசிப் பானை கத்தியது. சுற்றிலும் ரசாயனத் தொழிற்சாலைகள் இருக்கிற அந்தப் பக்கத்தில் ஏதாவது கத்தினால் ஜனங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும்: எங்கேயோ கேஸ் கசிகிறது. மாமியார் "ஓடுங்கடி!" என்று அலற, எட்டுக் குடித்தனமும் ஈரத்துணியை மூக்கில் பொத்திக்கொண்டு தெருமுனைக்கு ஓடிவிட்டது. பெட்டி அகப்பட்டது, விஷயமும் வெளியே வந்துவிட்டது. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அனுப்பவில்லை. மாமியாரே தினமும் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்க வைத்தார். ஆனால் அந்தப் பெண் என்னை விடவில்லை. "சீக்க யாராண்டயும் சொல்லாதன்னு சொல்லிட்டு, சங்கு ஊதற பொட்டிய குடுத்துட்டுப் போறியே, இது இன்னா நாயம் மேடம்?"

பாய் வீட்டு டீ

வண்ணாரப்பேட்டையில் கோணிப்பை வியாபாரம் செய்யும் நூருல்லா பாய்க்கு அறுபது வயதுக்கு மேல். முதல் நாளே அவருக்கு நான் எல்லாம் விளக்கினேன். இது காற்றில் பரவும், இருமும்போது வாயை மூடுங்கள், தட்டு டம்ளரால் பரவாது, யாரும் உங்களை ஒதுக்க வேண்டியதில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அடுத்த வாரம் போனபோது டீ வந்தது. கண்ணாடி டம்ளர். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படித்ததெல்லாம் தலையில் இருக்கிறது. கைதான் நகர மாட்டேன் என்கிறது. எம்.கே.பி. நகரில் எங்கள் வீடு ஒற்றை அறை. எனக்கு ஒட்டினால் அம்மா, அப்பா, தங்கை மூன்று பேருக்கும் ஒட்டும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் கொண்டுவரும் முதல் சொத்து இதுவாகிவிடக் கூடாதே என்று ஓடியது மனசு. "வயிறு சரியில்ல பாய்" என்றேன். பாய் கோபப்படவில்லை. டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "டம்ளர்ல வராதுன்னு போன வாரம் நீதானேம்மா எனக்குப் பாடம் எடுத்த?"

சுவரில் என் பெயர்

மாதக் கடைசியில் ராயபுரம் அலுவலகத்தில் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் சார் கம்ப்யூட்டரைத் தட்டினால் எங்கள் பெயரும் எங்கள் நோயாளிகளின் கட்டங்களும் சுவரில் விழும். பச்சை நிறைந்த பெயருக்குக் கைதட்டல். சிவப்பு தெரிந்தால் சார் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் கட்டத்தின் மேல் அம்புக்குறியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அந்தத் தண்ணீர் குடித்து முடியும் வரை எனக்கு மூச்சு வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை இது.

அந்த மாதம் என் சிவப்பெல்லாம் ஒரே ஆளிடமிருந்து. முகத்துவாரக்குப்பம் எத்திராஜ். கடல் தொழில், நாற்பது வயது, நுரையீரலில் நோய். மறுநாளே எண்ணூர் பஸ் ஏறிப் போனேன். அவர் இல்லை, மனைவி மல்லிகாக்கா வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். மாத்திரையை விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அப்புறம் எந்த மருந்தும் கேட்காது, ஆளே போய்விடலாம். இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் வாயில் வந்தது வேறு. "அக்கா, இன்னும் ரெண்டு சிவப்பு வந்தா என் வேலை போயிடும்க்கா." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மல்லிகாக்கா செதில் ஒட்டிய கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார். "அய்ய, இதுக்கா அழுவுற? பயப்படாத பாப்பா, உன் பொட்டிய நான் பாத்துக்கறேன்."

தராசு

பார்த்துக்கொண்டார். அதற்கு மறுநாளிலிருந்து எத்திராஜ் வரிசையில் ஒரு சிவப்பு இல்லை. ஏழு மணி அடித்த அடுத்த நிமிடம் பச்சை. அடுத்த கூட்டத்தில் எனக்குக் கைதட்டல். வீட்டில் அம்மா கேசரி கிண்டினார்.

ஆனால் எத்திராஜின் எடை இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை வேலை செய்தால் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏற வேண்டும். இவருக்கு ஒரு கிலோ குறைந்தது, பிறகு ஒன்றரை. முகத்தில் எலும்பு தெரிந்தது. நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன், அதோடு நிறுத்திக்கொண்டேன். பச்சை இருக்கிறதே, பெட்டி பொய் சொல்லுமா? தராசில்தான் கோளாறோ என்று அதைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய், ஒரே மருந்துப் பெட்டியை அங்கிருந்த தராசிலும் இதிலும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் காட்டின. அதை எத்திராஜிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உப்புக் காத்து பாப்பா, ரெண்டு தராசும் துரு ஏறிக்கினு இருக்கும்; எனக்கு ஒண்ணும் இல்ல, அதுங்களுக்குத்தான் சீக்கு."

காலியாக விட்ட கட்டம்

நிலையத்தில் பெனடிக்டா அக்கா என்று ஒரு நர்ஸ். பெட்டி வருவதற்கு முன்னால், நோயாளிகள் கண்ணெதிரே மாத்திரை விழுங்கிய காலத்திலிருந்து இருப்பவர். என் படிவங்களைப் புரட்டியவர் ஒரு பத்தியில் விரலை வைத்தார். "சிறுநீரின் நிறம்." காசநோய் மாத்திரைகளில் ஒன்று உள்ளே போனால் அடுத்த சில மணி நேரத்துக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இறங்கும். போகாவிட்டால் வழக்கமான நிறம்தான். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

பெண்களிடம் கேட்டு எழுதியிருந்தேன். ஆண்களுக்கெல்லாம் அந்தக் கட்டம் காலி. பொய்யாக எதையும் நிரப்பவில்லை என்பது மட்டுமே என் பெருமை. அப்பா வயது ஆம்பளையிடம் போய் உங்களுக்கு ஒண்ணுக்கு என்ன கலர் என்று எப்படிக் கேட்பது? பெட்டிதான் பச்சை காட்டுகிறதே, கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் இருந்துவிட்டேன். அக்காவிடம் வெட்கமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "எத்திராஜ் எடையையும் நீதான் எழுதியிருக்க. கேக்க வெக்கமா, இல்ல அவரு சொல்லப்போற பதிலுக்குப் பயமாடி?"

எவர்சில்வர் டப்பா

அன்று மதியமே முகத்துவாரக்குப்பம் போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அந்தக் கேள்வியை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எந்த மாதிரி சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது. இறங்கியபோது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் எப்போதும்போல் நின்றன; ஆற்று முகத்துவாரத்தில் படகுகள் கட்டியிருந்தன. எத்திராஜ் படகு நிழலில் படுத்திருந்தார். நான்கைந்து பேர் பக்கத்தில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகட்டும் என்று நின்றேன். போகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டேன். "அண்ணா, உங்களுக்கு ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?"

சீட்டாட்டம் நின்றது. ஒருவர் "இன்னாடா எத்தி, பொண்ணு இத்தப் போயி கேக்குது!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எத்திராஜும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. வாயிலிருந்து துண்டை எடுத்தபோது அதில் ரத்தம். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "எப்பவும் போற கலர்தான் பாப்பா" என்றார். "ஏழு மணிக்கு நான் வூட்ல இருந்தாத்தானே? நாலு மணிக்கே கடலுக்குப் போயிர்றேன். வெறும் வயித்துல முழுங்கிட்டுப் போனா படகுல ஒரே வாந்தி. வலைய இஸ்க்க முடில. வுட்டுட்டேன்."

மல்லிகாக்கா ஓடி வந்து துண்டைப் பார்த்தார். உள்ளே போய், ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். அவ்வளவு நாள் மாத்திரையும் அதற்குள் இருந்தது. கிழித்து வைத்த அட்டைத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, ரப்பர் பேண்டு போட்டு. தினமும் ஏழு மணிக்குப் பெட்டி கத்தியதும் மூடியைத் திறந்து, அன்றைய மாத்திரையை எடுத்து, டப்பாவில் போட்டிருக்கிறார். "ஒண்ணு கூட வீணாக்கல பாப்பா" என்றார். "மழக்காலத்துல கடலுக்குப் போவ முடியாதில்ல, அப்ப வூட்ல உக்காந்து மொத்தமா முழுங்கிடுவாருன்னு எடுத்து வெச்சேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, நான்தான் தப்பாக நினைத்துக்கொள்வேனோ என்று பயந்தவராக, அவசரமாகச் சொன்னார். "சிவப்பு வந்தா உன் வேல போயிடும்னு அழுதியே, அதான் ஒரு நாள் தவறாம தொறந்தேன்."

மீதிப் பச்சை

எத்திராஜைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரக் கடைசியில் கூட்டம். சுவரில் என் பெயர், அதற்குக் கீழே எத்திராஜின் வரிசை. ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் வரை, பட்டாணி உரித்துக் கொட்டியது போல முழுக்கப் பச்சை. கைதட்ட ஆரம்பித்தார்கள். எழுந்து நின்றேன். "சார், இந்தப் பச்சை எல்லாம் பொய். இந்த நாள்ல எல்லாம் அவர் ஒரு மாத்திரையும் சாப்பிடல. என் வேலை போயிடும்னு நான் சொன்னதால அவங்க பெட்டிய மட்டும் திறந்து வெச்சிருக்காங்க. தப்பு என் பேர்ல."

இதோடு வேலை போயிற்று என்று நிச்சயமாக நினைத்தேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். சார் என்னைத் திட்டவில்லை. அம்புக்குறியை எங்கும் நிறுத்தவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் எல்லோருடைய பெயரும், எல்லோருடைய பச்சையும் அங்கே இருந்தன. அவ்வளவு பயந்த முகத்தை நான் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கேட்டார். "அப்போ, மீதிப் பச்சை?"

வராந்தா

மீதிப் பச்சையை விசாரிக்க எல்லோரும் கிளம்பினோம். ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி. பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நூருல்லா பாய் மட்டும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "டீ குடிக்க மாட்டேங்குற பொண்ணு கேக்குற கேள்வியா இது?" என்று தாடியைத் தடவினார், பிறகு, ஆரஞ்சுதான், சத்தியம் என்றார். அன்று அவர் வீட்டில் இரண்டு டம்ளர் டீ குடித்தேன். முதல் டம்ளரைக் கஷாயம் போல ஒரே மூச்சில்.

ஆனால் எத்திராஜுக்கு மருந்து கேட்குமா என்ற பரிசோதனை முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நாள் தின்று, வாந்தியெடுத்து, விட்டு, மறுபடி தின்று நிறுத்தியவர். கிருமி அதற்குள் பழகிக்கொண்டிருந்தால்? தினமும் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் வராந்தாவில் நிற்பேன். போனை எடுத்துப் பார்ப்பேன். பெட்டி குப்பத்தில் பூட்டிய வீட்டுக்குள் கிடந்ததால் தினமும் சிவப்பு. அந்தச் சிவப்பு எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதுவாவது உண்மை. ஒருநாள் மல்லிகாக்கா கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ வெளியே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. "அவரு பொயைக்கலன்னா அந்தப் பொட்டிய நீயே வந்து எடுத்துக்கினு போயிடு பாப்பா, என்னால அத்த இன்னொரு தபா தொட முடியாது."

ஒன்றரை மணி

மருந்து கேட்கும் என்று முடிவு வந்தது. பெனடிக்டா அக்கா போனில் படித்துக் காட்டினார். இன்னொரு முறை படிக்கச் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது போனை வைத்துவிட்டார். சாப்பிட்ட கொஞ்ச நாளெல்லாம் கணக்கில் இல்லை; சிகிச்சை மறுபடி முதல் நாளிலிருந்து. மல்லிகாக்காவுக்கும் பரிசோதனை செய்தோம், எனக்கும், இருவருக்கும் ஒன்றுமில்லை. சாரிடம் சொல்லி ஒவ்வொரு பெட்டியும் கத்தும் நேரத்தை அந்தந்த வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றினோம். முகத்துவாரக்குப்பத்துப் பெட்டி இப்போது மதியம் ஒன்றரைக்கு, கரைக்கு வந்து சோறு தின்ற பிறகு கத்துகிறது. சுவரில் பெயர் போடுவதும் நின்றது. மல்லிகாக்காவிடம் போய், "சிவப்பு வந்தா என் வேலை போகாதுக்கா, நான் அன்னைக்குப் பயத்துல உளறிட்டேன், சிவப்பு வந்தா நான் ஓடி வருவேன், அவ்வளவுதான்" என்று சொன்னேன். அவர் ஒரு வஞ்சிர மீன் துண்டைக் காகிதத்தில் சுற்றி என் பையில் திணித்தார்.

போன வாரம் குப்பத்துக்குப் போனேன். எத்திராஜ் இன்னும் கடலுக்குப் போகவில்லை. கரையில் உட்கார்ந்து வலை சரிபார்க்கிறார். இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. தராசை யாரும் குறை சொல்லவில்லை. பஸ்ஸை விட்டிறங்கி நான் மணலில் கால் வைக்கும்போதே, ஏலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள், சீட்டாடும் கோஷ்டி, கோயில் வாசலில் நின்ற ஜனம், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அந்தக் கோடியிலிருந்து அவர் கையை ஆட்டிக் கத்தினார். "பாப்பா! நீ கேக்கவே வாணாம்! இன்னிக்கு சோக்கா ஆரஞ்சு கலரு, ஊரே பாத்துச்சு!"

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி, தன் பட்டத்தையும் பயத்தையும் ஒரே பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாகப் போய் ஊராரிடம் ஒண்ணுக்கு என்ன கலர் என்று கேட்டு வருகிறாள் என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் இப்போது எனக்கு மிச்சமிருக்கும் பெரிய பயம்.